ரிலே போட்ட ரைடர்

மோட்டார் சைக்கிளில் ஜி.பி.எஸ். பொருத்திக்கொள்கிறவர்களைப் பற்றி ஊரில் ஒரு தவறான எண்ணம் உண்டு: பாவம், வழி தெரியாதவர்கள் என்று. வழி தெரியாத ஆசாமி இந்த வேலையில் இறங்கவே மாட்டார். அவருக்குப் போய்ச் சேர வேண்டிய கல்யாணமோ கருமாதியோ இருக்கும், முக்கு டீக்கடையில் வண்டியை நிறுத்தி, "அண்ணே, வந்தவாசி ரோடு எது?" என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். ஹேண்டில்பாரின் நடுவே அலுமினியத்தில் ஒரு கோபுரம் எழுப்பி, அதன் உச்சியில் திரையை நிறுத்தி, சீட்டுக்கு அடியிலிருந்து அதற்கு மின்சாரம் இழுத்துவருகிறவர் வேறு ரகம். முப்பத்தைந்தைத் தாண்டியவர், மாதச் சம்பளக்காரர், வீட்டில் டியூப்லைட் போனால் எலக்ட்ரீஷியனுக்கு போன் போடுகிறவர். அவருக்கு வழி நன்றாகவே தெரியும். அவர் ஜி.பி.எஸ். வாங்குவது வண்டியைப் பிரிப்பதற்காக. ஒரு கௌரவமான மனிதர் தன் வண்டியைத் தானே பிரித்துப் பார்க்க இந்தக் காலத்தில் மிச்சமிருக்கும் ஒரே சாக்கு அது என்பது என் கட்சி.

முதலில் அவர் போகிற பாதைகளைப் பாருங்கள். சென்னைக்காரர் என்றால் ஞாயிறு விடியற்காலை கிழக்குக் கடற்கரைச் சாலை. திருவான்மியூரைத் தாண்டினால் முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம் என்று ஒரே சாலைதான். போகும்போது கடல் இடப்பக்கம். கடல் வலப்பக்கத்துக்கு வந்துவிட்டால் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். இதற்கு மேல் ஒரு வழிகாட்டி சொல்வதற்கு என்ன இருக்கிறது? ஆனாலும் பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அணுக் கடிகாரங்களைச் சுமந்து சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கு அவருக்கு மணி சொல்லிக்கொண்டே வருகின்றன. அந்த மணிகளுக்கு இடையிலுள்ள நுணுக்கமான வித்தியாசத்தை வைத்து, அவர் கோவளத்தில் இட்லிக் கடை வாசலில் நிற்கிறார் என்று கருவி கணக்குப் போட்டுச் சொல்கிறது. அது அவருக்கும் தெரியும். இட்லிக்காகத்தான் நிறுத்தினார்.

நாமக்கல், சேலம் பக்கத்துக்காரர் கொல்லிமலைக்குப் போவார். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். எத்தனையாவது வளைவு என்று ஒவ்வொன்றிலும் பலகை வைத்திருக்கிறார்கள். அங்கே வழி தப்ப வேண்டுமென்றால் பள்ளத்தில் இறங்கினால்தான் உண்டு. கருவியிலிருக்கும் பெண் குரலும் இதை உணர்ந்து, அடிவாரத்தில் ஒரு வார்த்தை பேசிவிட்டு மேலே போய்ச் சேரும்வரை வாயைத் திறப்பதில்லை. ஏலகிரிக்கு 14 வளைவு, வால்பாறைக்கு 40. கதை எங்கும் ஒன்றுதான். கிளையே இல்லாத சாலையைத் தேடித் தேடிப் போகிறவர்தான், கிளை பிரியும் இடத்தைச் சொல்லும் கருவியைத் தேடித் தேடி வாங்குகிறார்.

அடுத்த சாட்சி, பொருத்தும் வேலையின் பிரம்மாண்டம். தேவை என்னவோ மிகச் சின்னது. செல்போனோ தனி ஜி.பி.எஸ். கருவியோ, 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் கிடைத்தால் தாராளம், 10 வாட். வண்டியின் 12 வோல்ட் பக்கம் அது ஏறக்குறைய 1 ஆம்பியர். பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்று இழுக்கிற மின்சாரம், அவ்வளவே. தெருமுனை மெக்கானிக்கிடம் விட்டால் ஹார்ன் ஒயரைப் பிளேடால் சீவி, புது ஒயரை அதில் முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றி, டீ ஆறுவதற்குள் "ஆச்சு சார், எடுத்துக்கோ" என்பார். நம்மவருக்கு இதைக் கேட்டாலே நெஞ்சை அடைக்கும். அவர் சனிக்கிழமை காலையிலேயே ரிச்சி தெருவுக்குக் கிளம்பிவிடுகிறார். ரிலே, ஃபியூஸ் ஹோல்டர், கப்ளர்கள், சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ், கிரிம்ப்பிங் பிளையர், நான்கு நிறத்தில் ஒயர், ஒரு பொட்டலம் டேக் எல்லாம் வாங்குகிறார். ரிலே என்பது சிறிய மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் காந்தக் கதவு. சாவியைத் திருப்பினால் 85, 86 என்று எண்ணிட்ட முனைகளுக்கு நடுவிலுள்ள சுருளில் மின்சாரம் ஓடும். உடனே 30ஆம் முனை 87உடன் சேர்ந்து, பேட்டரியிலிருந்து நேராகக் கருவிக்கு வழி திறக்கும். சாவியை எடுத்தால் மூடிக்கொள்ளும். ஹெட்லைட்டுக்கு இது அருமையான ஏற்பாடு. நம்மவர் வாங்கியிருப்பது 30 ஆம்பியர் தாங்கும் ரிலே. அதன் வழியே போகப்போவது 1 ஆம்பியர். "எதுக்கு சார் இவ்ளோ பெருசு?" என்று கடைக்காரர் கேட்டால், "நாளைக்கே ஃபாக் லைட் போடுவோம்ல" என்பார். ஃபாக் லைட் வரும் அன்று அதற்கென்று இன்னொரு ரிலே வாங்குவார் என்பதைக் கடைக்காரர் அறிவார்; ஆகவே மேற்கொண்டு பேசுவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் சீட்டு கழல்கிறது, பக்கத்து மூடிகள் கழல்கின்றன, கடைசியில் டேங்க்கும் மேலே எழும்புகிறது. உள்ளே தெரிவது ஒயரிங் கிட். அதில் எது எர்த், எது சாவி போட்டால் உயிர் பெறும் ஒயர் என்று கண்டுபிடிப்பதில்தான் மனிதர் தேறுகிறாரா என்பது தெரியும். ஹோண்டா வம்சத்து வண்டிகளில், ஸ்ப்ளெண்டர் உட்பட, பச்சைதான் எர்த். சாவி போட்டால் மின்சாரம் வருவது பெரும்பாலும் கறுப்பில். யமஹாவில் கறுப்புதான் எர்த். சாவி மின்சாரம் பழுப்பில் வரும். யமஹாவில் கை பழகியவர் பக்கத்து வீட்டு ஸ்ப்ளெண்டருக்கு உபகாரம் செய்யப் போய், கறுப்பை நம்பி எர்த்தோடு சேர்த்துச் சாவியைத் திருப்பினால், ஃபியூஸ் 'டப்' என்று தன் கருத்தைச் சொல்லிவிடும். இந்த அவமானத்தைத் தவிர்க்க நம்மவர் தன் வண்டியின் ஒயரிங் படத்தை அலுவலகத்து பிரின்டரில் எடுத்து, லேமினேட் செய்து வைத்திருக்கிறார். ரேஷன் கார்டுக்கு அந்த யோகம் கிடைக்கவில்லை.

அடுத்து இணைப்பு. இதில் வடகலை தென்கலை போல இரண்டு கட்சி. ஒரு கட்சி ஈயம் வைத்துப் பற்ற வைக்க வேண்டும் என்கிறது. மற்றது கிரிம்ப் செய்து நசுக்கிப் பிடிக்க வேண்டும் என்கிறது. ஈயக் கட்சியின் பலவீனம் உண்மையானது: உருகிய ஈயம் ஒயரின் இழைகளுக்குள் ஊறி அதை விறைப்பாக்கிவிடும், விறைப்பு முடிகிற இடத்தில் எஞ்சின் அதிர்வு ஒயரை ஆட்டி ஆட்டி ஒருநாள் அறுத்துவிடும். இதையெல்லாம் நம்மவர் சரியாகவே சொல்கிறார். ஹேண்டில்பாரை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பிப் பார்த்து, ஒயர் எங்கும் இழுபடாமலும் கழுத்தில் நசுங்காமலும் இருக்கிறதா என்று சோதிக்கிறார். ஐப்பசி மழை கப்ளருக்குள் இறங்காமல் இருக்க, ஒயரைக் கீழிருந்து மேலாக வளைத்துக் கொண்டுபோகிறார். தண்ணீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். எல்லாம் நல்ல வேலை. நல்ல வேலையைக் கேலி செய்வது என் நோக்கமில்லை. அந்த வேலைக்கும் வழி கண்டுபிடிப்பதற்கும் சம்பந்தமில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

பேட்டரி விஷயத்தில் அவருடைய கவலை நியாயமானதுதான். 100 சி.சி. வண்டிகள் பலவற்றில் பேட்டரி 3 அல்லது 4 ஆம்பியர்-மணிதான். புதிய 350 சி.சி. என்ஃபீல்டிலேயே 8. சார்ஜரைப் பேட்டரியில் நேராக மாட்டிவிட்டால், போன் இல்லாதபோதும் அது கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 20 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும் 4 ஆம்பியர்-மணி பேட்டரி 200 மணி நேரத்தில், அதாவது எட்டே நாளில் காலி. ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து பட்டனை அமுக்கினால் செல்ஃப் 'டிக்' என்று மட்டும் சொல்லும். ரிலே இதைத் தடுக்கிறது. ஆனால் அந்த 30 ஆம்பியர் ரிலேயின் சுருள், வண்டி ஓடும் நேரமெல்லாம் தன் பங்குக்கு ஏறத்தாழ 150 மில்லி ஆம்பியர் சாப்பிடும். 1 ஆம்பியர் விருந்தாளிக்குக் கதவு திறக்கும் காவலாளியின் சம்பளம் அது. போதாக்குறைக்குப் பேட்டரி இறங்குகிறதா என்று கண்காணிக்க ஹேண்டில்பாரில் ஒரு வோல்ட்மீட்டரையும் மாட்டுகிறார். அதுவும் பேட்டரியிலிருந்துதான் எரிகிறது.

தாங்கியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான ஹேண்டில்பார்களின் தடிமன் 22 மி.மீ.; கிளாம்ப்புகள் அந்த அளவுக்குத்தான் வருகின்றன. முதலில் முந்நூறு ரூபாய்த் தாங்கி வாங்குவார். வேகத்தடையில் போன் பறக்கும். பிறகு ரப்பர் உருண்டை வைத்த வெளிநாட்டுத் தாங்கி வரும். அதன் விலையை வீட்டில் சொல்லும்போது ஒரு பூஜ்யம் தொலைந்துபோகும். 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. சக்தி வாய்ந்த மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு தாங்கி வழியாக ஏறி, ஐபோன் கேமராவின் உள்ளே படத்தை ஆடாமல் பிடிக்கும் நுண்ணிய அமைப்பைக் கெடுத்துவிடக்கூடும் என்று அதில் சொன்னது. 'டப் டப்' என்று உடம்பையே ஆட்டும் ஒற்றை சிலிண்டர் வண்டிக்காரருக்கு இது இடி விழுந்த செய்தியாக இருக்கும் என்று நினைப்பீர்கள். அவருக்கோ அன்று தீபாவளி. அதிர்வை உறிஞ்சும் டாம்ப்பர் என்று இன்னொரு பொருள் வாங்கவும், இருப்பதை எல்லாம் மறுபடி கழற்றவும் ஆப்பிள் அல்லவா காரணம் கொடுத்துவிட்டது! வெயில் அடுத்த காரணம். ஐபோனைப் பயன்படுத்த ஏற்ற சூழல் வெப்பம் 35 டிகிரி வரை என்கிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் வேலூர்ச் சாலையில் அந்த 35 காலை ஒன்பது மணிக்கே தாண்டிப்போகும். போன் எச்சரிக்கையைக் காட்டிவிட்டுக் கறுத்துவிடும். ஆகவே வெயிலும் மழையும் தாங்கும், கையுறையோடு தொட்டாலும் கேட்கும் தனி ஜி.பி.எஸ். கருவிதான் சரி என்ற முடிவுக்கு வருகிறார். அதன் பிளக் வேறு மாதிரி. மறுபடி டேங்க்கைத் தூக்க வேண்டும்.

இதுவரை சொன்னவை சந்தர்ப்ப சாட்சியங்கள் என்று யாராவது வாதாடலாம். அசைக்க முடியாத சாட்சி ஒன்று இருக்கிறது. ஓசூர் டி.வி.எஸ். 2018இல் கொண்டுவந்த என்டார்க் ஸ்கூட்டரிலேயே போனோடு இணைந்து வழி காட்டும் மீட்டர் இருந்தது. சென்னையில் வண்டி செய்யும் ராயல் என்ஃபீல்டு, 2020இல் மீட்டியார் 350இல் ட்ரிப்பர் என்று ஒரு குட்டி வட்டத் திரையை வைத்து, கூகுள் வரைபடத்தின் துணையோடு அம்புக்குறி காட்டியது. 2023 கடைசியில் வந்த புதிய ஹிமாலயனில் வரைபடமே மீட்டருக்குள் விரிகிறது. தாங்கி வேண்டாம், ஒயர் வேண்டாம், ரிலே வேண்டாம். வழிதான் பிரச்சினை என்றால் அது தொழிற்சாலையிலேயே தீர்ந்துவிட்டது. நம்மவர் மகிழ்ந்தாரா? அந்தத் திரையை இரண்டு வாரம் பார்த்துவிட்டு, "கம்பெனி குடுக்கிறது சும்மா ஷோவுக்கு, ப்ரோ. நம்ம செட்டப் தனி சர்க்யூட்" என்று அதற்குப் பக்கத்திலேயே தன் கோபுரத்தை எழுப்பினார். இப்போது ஒரே வண்டியில் இரண்டு வழிகாட்டிகள், இரண்டும் நேரே போகச் சொல்கின்றன.

ஏன் இப்படி? அவருடைய அப்பாவின் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்த்தால் விளங்கும். அன்றைய புல்லட்டுக்கும் ராஜ்தூத்துக்கும் ஓயாமல் ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்ப்பது, பாயின்ட் இடைவெளி வைப்பது, கார்புரேட்டரைப் பெட்ரோலில் கழுவி ஊதுவது, செயினுக்கு எண்ணெய் விடுவது. வண்டி ஓடியதே ஒரு சாதனை. ஓட்டியவருக்கு அதில் பங்கு இருந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்தபின், புதிய வண்டிகளில் கார்புரேட்டர் போய்ச் சென்சார்களும் ஒரு மூடிய கறுப்புப் பெட்டியும் வந்துவிட்டன. கோளாறு வந்தால் மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு. அதைப் படிக்கச் சர்வீஸ் சென்டரில் ஒரு கருவி. உரிமையாளர் கண்ணாடிக்கு வெளியே நின்று காபி குடிக்கலாம். 2017 முதல் ஹெட்லைட் சுவிட்சைக்கூடப் பிடுங்கிவிட்டார்கள். வண்டி ஓடினால் விளக்கு தானாக எரியும். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய பொருளில் தொட உரிமையுள்ள இடம் என்று மிஞ்சியது ஹேண்டில்பாரின் நடுவிலிருக்கும் அந்த அரையடிதான். அங்கே அவர் குடிசை போட்டுவிட்டார்.

உணவு கொண்டுவந்து கொடுக்கும் பையன்கள் எல்லோருமே போனை வண்டியில் மாட்டியிருக்கிறார்களே, அவர்களும் வண்டி பிரிக்கத்தான் மாட்டினார்களா என்று கேட்கலாம். நல்ல கேள்வி, ஆனால் அது என் கட்சிக்குத்தான் பலம். அரை மணிக்கு ஒரு புது முகவரி, அதிலும் எண் மாறிய வீடுகள், பெயரில்லாத சந்துகள்; வழி தேவைப்படுகிற மனிதர் அவர்தான். அவருடைய ஏற்பாட்டைப் பாருங்கள்: மலிவான ஒரு கிளிப், பையில் ஒரு பவர் பேங்க், மழை வந்தால் போனுக்கு ஒரு பாலிதீன் உறை. ரிலே இல்லை, லேமினேட் செய்த படம் இல்லை. வழி நிஜமாகவே வேண்டியவர்கள் மின்சாரத்தைப் பற்றி யோசிக்க நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

லடாக் என்ன ஆயிற்று என்பது அடுத்த கேள்வி. அங்கே நம்மவருக்கு விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். நம் ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. பல இடங்களில் எந்த சிம்மும் வேலை செய்யாது. செயற்கைக்கோளுக்குச் செல்போன் டவர் தேவையில்லை. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால் பொட்டல் காட்டிலும் இருக்குமிடம் தெரியும். இன்னொன்று, கார்துங் லா கணவாயில் உயரம் 18,380 அடி என்று பலகை நெடுங்காலம் பெருமையடித்துக்கொண்டிருந்தது. ஜி.பி.எஸ். கருவியோடு போனவர்கள் அளந்து பார்த்ததில் 5,359 மீட்டர், அதாவது 17,582 அடிதான் வந்தது. பலகையிடமிருந்து 800 அடியைப் பிடுங்கிய பெருமை இந்தக் கூட்டத்துக்கு உண்டு. சரி, லடாக் ஆயுளில் ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை. மற்ற வருடங்களில் அந்தச் செட்டப் கோவளத்து இட்லிக் கடையைத்தான் உறுதிப்படுத்திக்கொண்டிருக்கிறது.

பாதுகாப்பு என்ற வாதத்தையும் தள்ளிவிட முடியாது. ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு போவதைவிடத் தாங்கி ஆயிரம் மடங்கு மேல். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2020 அக்டோபர் 1 முதல் வந்த திருத்தமும், கவனம் சிதறாதபடி வழி பார்க்க மட்டும் கையடக்கக் கருவியைப் பயன்படுத்தலாம் என்கிறது. ஆனால் மணிக்கு 60 கிலோமீட்டரில் இரண்டு விநாடி திரையைப் பார்த்தால், வண்டி 33 மீட்டர் தூரத்தைக் குருட்டாம்போக்கில் கடந்திருக்கும். வழி பார்க்கிறவர் திருப்பத்துக்கு ஒருமுறை பார்ப்பார். நம்மவர் பார்ப்பது வோல்ட்டை: 14.1 இருக்கிறதா, 13.9 ஆகிவிட்டதா என்று. அதற்குச் சட்டத்தில் இடமில்லை.

இவ்வளவும் வீண் செலவு என்று வீட்டிலுள்ளவர்கள் சொல்வதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. சனிக்கிழமை முழுக்கக் கைக்கு வேலையும் மனதுக்கு ஓய்வும் கொடுக்கும் விஷயங்களில் இதைவிட விலை கூடியவை எத்தனையோ உண்டு. உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் தடுக்காதீர்கள். இரவு பத்து மணிக்கு டார்ச் பிடிக்கக் கூப்பிட்டால் போய்ப் பிடியுங்கள். மாட்டி முடித்தபின் ஒரு போல்ட் மிச்சம் இருந்தால் பார்க்காததுபோல் இருங்கள். ஒன்றே ஒன்றை மட்டும் கேளுங்கள்: பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் 3 ஆம்பியர் ஃபியூஸ் போட்டாயிற்றா? ஃபியூஸ் இல்லாத ஒயர் டேங்க்குக்கு அடியில் உரசி ஷார்ட் ஆனால், மேலே இருப்பது பெட்ரோல். போடவில்லை என்றால் டார்ச்சை அணைத்துவிட்டு வந்துவிடுங்கள். போடும்வரை அவர் இருட்டில் உட்காரட்டும்.